செப்டெம்பர் பதின்மூன்றுக்கு ஒரு அட்டை

மூன்றாவது பூவின் கடைசி இதழில் தண்ணீர் கூடிவிட்டது. பிரிஸ்டல் போட் அட்டை ஓரத்தில் மெல்ல வளைந்து எழும்பியது. ரோஸ் நிறம் இதழின் எல்லையைத் தாண்டிப் பக்கத்து இலைக்குள் ஓடியது. பழைய துணியின் நுனியால் ஒற்றி எடுத்தேன். கொஞ்சம் போனது, கொஞ்சம் தங்கிவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருப்பேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி. கழுத்தின் பின்பக்கம் காலைப் பூசையிலிருந்தே வலிக்கிறது. மதுஷிகா கணக்கு டியூஷன் முடிந்து ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். ஓடின நிறத்தை ஒரு மொட்டாக மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தேன். என் அட்டைகளில் மொட்டுகள் அதிகம். அத்தனையும் பிழைகள்.

வாரத்தில் ஆறு நாள் மாத்தளை டவுனில் றஹீம் நானாவின் ரப்பர் சீல் கடையில் எனக்கு வேலை. கிராம சேவகர், பாடசாலை அதிபர், சமாதான நீதவான் என்று இந்தப் பக்கத்தில் கையெழுத்துக்குக் கீழே சீல் குத்துகிற பெரிய மனிதர்கள் எல்லாருடைய பெயரும் என் மேசைக்குத் தலைகீழாக வந்து நேராகப் போகும். தமிழையும் சிங்களத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி வாசித்துப் பழகி, அலுத்துப்போன நாட்களில் பஸ்ஸின் பெயர்ப்பலகையைக்கூடப் பின்னாலிருந்து வாசிக்கப் பார்க்கிறேன். வெட்டி ஒதுக்கும் ரப்பர் துண்டுகளை நானா எனக்கே தந்துவிடுவார். அவற்றில் பிளேடால் ஐந்து இதழ்ப் பூ ஒன்று, நீள இலை ஒன்று, கொடி ஒன்று, குட்டிப் புள்ளி ஒன்று வெட்டி, தையல் நூல் கட்டைகளின் தலையில் ஒட்டி வைத்திருக்கிறேன். முதலில் மண்ணிற மையில் சீலைக் குத்த வேண்டும். அது நன்றாகக் காய வேண்டும். பிறகுதான் உள்ளே வர்ணம். பொறுமையில்லாமல் முன்கூட்டியே தண்ணீரைத் தொட்டால் மை கரைந்து எல்லாம் சேறாகிவிடும்.

அட்டை மதுஷிகாவுக்குத்தான். அவள் என் அண்ணன் மகள். வருகிற பதின்மூன்றாம் திகதி அவளுக்குப் பதினைந்து வயது. ஆனால் அனுப்புவது நானில்லை, அவளுடைய அம்மா சகாயராணி. அண்ணி ஜோர்தானுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது மதுவுக்கு ஆறு வயது. முதல் மூன்று வருடம் ஞாயிறு தவறாமல் போன் வரும். பிறகு மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு அந்த நம்பர் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் மூன்று பாஷையிலும் சொல்லத் தொடங்கியது. அண்ணன் சிறில் எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தை விட்டுவிட்டுத் தம்புள்ளைப் பொருளாதார மையத்தில் மரக்கறி மூட்டை ஏற்றி இறக்கப் போனான். மதுவின் கையைப் பிடித்து என் வாடகை அறைக்குக் கூட்டி வந்து, 'கொஞ்ச நாளைக்கு' என்றான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

பத்தாவது பிறந்தநாளுக்கு முந்திய வாரம் மதுவுக்குக் காய்ச்சல். காய்ச்சலில் பிள்ளைகள் அம்மாவைத்தான் கேட்பார்கள், அத்தையை யார் கேட்பது. அன்றைக்குத்தான் முதல் அட்டையைச் செய்தேன். அம்மா வேலை செய்யும் வீட்டுப் பிள்ளையின் வர்ணப் பெட்டியை இரவல் வாங்கி அவளே வரைந்ததாகவும், லீவில் ஊருக்கு வந்த ஒரு அக்காவின் கையில் கொடுத்துவிட்டதாகவும் சொன்னேன். பிள்ளை அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள். அடுத்த நாள் காய்ச்சல் விட்டது. மருந்தால் விட்டதா அட்டையால் விட்டதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒருமுறை சொன்ன பொய்க்கு வருடா வருடம் சோறு போட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஜோர்தானிலிருந்து லீவில் வருகிற ஒரு புது அக்காவை நான் பெற்றெடுக்க வேண்டும். இது ஆறாவது அட்டை. இதை அம்மா அனுப்பவில்லை என்று தெரிந்த நாளில் அந்தப் பிள்ளைக்கு அம்மா என்று சொல்லிக்கொள்ள வேறொன்றும் இருக்காது. அந்தப் பயம் ஒன்றுதான் என்னை உட்கார வைத்திருந்தது.

கஷ்டமானது பூ இல்லை, எழுத்து. அண்ணி போன முதல் வருடத்தில் எழுதிய ஒரே ஒரு கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்றவள். பேனையை அழுத்திப் பிடித்து எழுதுவாள், 'ம' எல்லாம் வலது பக்கம் சாய்ந்து விழப் பார்க்கும். பழைய கொப்பியின் பின்பக்கத்தில் அரைமணி நேரம் எழுதிப் பழகினால்தான் கை அந்தச் சாய்வுக்கு வரும். 'என் மகள் மதுவுக்கு' என்று தொடங்கி, 'ஆண்டவர் உன்னைக் காப்பாராக, அம்மா' என்று முடிப்பேன். நடுவில் நீளமாக எதுவும் எழுதுவதில்லை. அண்ணி நீளமாக எழுத மாட்டாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். உண்மையில், அவளுடைய எழுத்தைக் களவெடுக்கலாம், அவள் என்ன சொல்வாள் என்பதைக் களவெடுக்கப் பயமாக இருந்தது.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். அதை அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. போன வருடம் உக்குவளை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் ஜோர்தானிலிருந்து திரும்பி வந்தவள். பேச்சுவாக்கில் எல்கடுவை என்றேன், சகாயராணி என்றேன். "ராணிக்காவா? நல்லாத்தான் இருக்காங்க. முந்தி இருந்த வீட்ட விட்டுட்டாங்க. இப்ப வேற ஆளோட வேற எடத்துல" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். தெரிந்தவள் என்று மட்டும் சொல்லி இரண்டு தரிப்புக்கு முன்னாலேயே இறங்கி நடந்தேன். செத்துப்போயிருந்தால் அழுதிருக்கலாம். நல்லாத்தான் இருக்கிறாள் என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்றிலிருந்து அவள் எழுத்தில் 'அம்மா' என்று எழுதும்போது எனக்குப் பேனையைக் குத்தி ஒடிக்க வேண்டும்போல இருக்கிறது. எனக்கு அலுத்துவிட்டது. இந்த வருடத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று போன வருடமும் நினைத்தேன்.

மொட்டுக்குக் காம்பு வைத்துக்கொண்டிருந்தபோது வாசல் படலை திறக்கும் சத்தம் கேட்டது. மணி மூன்றுகூட ஆகவில்லை. பக்கத்தில் கிடந்த ஞாயிறு பேப்பரை இழுத்து அட்டைக்கு மேல் போட்டேன். சீல் கட்டைகளை மடியில் அள்ளிக்கொண்டேன். ஒன்று உருண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டது.

மதுஷிகா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். "சேர் வரல அத்தை. அவரு பிள்ளைக்குச் சொகமில்லையாம்" என்றாள். என்னைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். வர்ணப் பெட்டி திறந்தபடி கிடந்தது. கப்பில் பிரஷ்ஷும் ரோஸ் நிறத் தண்ணீரும்.

"கடைக்கு ஒரு ஓடர்" என்றேன்.

"பேப்பர எடுங்க. ஈரம், ஒட்டிக்கும்."

நான் எடுக்கவில்லை. அவளே வந்து பேப்பரின் இரண்டு மூலையையும் பிடித்து மெதுவாகத் தூக்கினாள். மொட்டில் செய்தித்தாளின் கறுப்பு கொஞ்சம் பதிந்திருந்தது. மற்றதெல்லாம் பிழைத்துவிட்டது. பக்கத்தில் கொப்பி திறந்து கிடந்தது. பக்கம் முழுக்க வலது பக்கம் சாய்ந்த 'ம'. மது அதை வாசித்தாள். அழுவாள், கத்துவாள், புத்தகப் பையை எறிவாள் என்று காத்திருந்தேன். அவள் குசினிக்குப் போய் ஒரு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அலுமாரியில் இருந்த செபப் புத்தகத்துக்குள்ளிருந்து மடித்த தாளொன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"உறுதிப்பூசுதல் கிளாசுக்கு ஞானஸ்நானப் பேப்பர் கேட்டாங்கல்ல. மே மாசம் அப்பாவோட எல்கடுவைக்குப் போய் எடுத்தோமே, அதோட போட்டோக் கொப்பி."

அவர்கள் முன்பு இருந்த தோட்டத்துக் கோயிலின் பதிவேட்டிலிருந்து எழுதிக் கொடுத்த தாள். பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத்தாய் பெயர். பிறந்த திகதிக்கு நேரே ஓகஸ்ட் இருபத்தெட்டு என்று இருந்தது. திரும்ப வாசித்தேன். தலைகீழாகவும் வாசித்துப் பார்த்திருப்பேன், அத்தனை நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு புரிந்தது. அண்ணன் வாய் ஓயாமல் சொல்கிற ஒரு கதை உண்டு: "காசு கைக்கு வந்து மூணாம் நாளு நீ பொறந்த, அதனாலதான் ஆஸ்பத்திரிக்கு வேன் பிடிக்க முடிஞ்சுது." தோட்டத்து ஆட்களுக்குக் கலண்டர் சுவரில் இல்லை, சம்பளத்தில் இருக்கிறது. பத்தாம் திகதி சம்பளம், இருபத்தைந்தாம் திகதி அட்வான்ஸ். பிள்ளை பிறந்து ஒரு மாதம் கழித்துப் பதியப் போனவன், ஆஸ்பத்திரித் துண்டையும் தொலைத்துவிட்டு, காசு வந்த மூன்றாம் நாள் என்பதை மட்டும் மனதில் வைத்து, பத்தோடு மூன்றைக் கூட்டி செப்டெம்பர் பதின்மூன்று என்று சொல்லியிருக்கிறான். உண்மையில் அவன் கைக்கு வந்தது இருபத்தைந்தாம் திகதி அட்வான்ஸ் காசு, அதிலிருந்து மூன்றாம் நாள் ஓகஸ்ட் இருபத்தெட்டு. ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது அண்ணி. பதிவு எழுதிய சுவாமி அவளிடம்தான் நாளைக் கேட்டிருப்பார். பிள்ளை பெற்றவளுக்கு நாள் கணக்குப் பிசகாது. தோட்டத்தில் யாரும் பிறந்தநாள் கொண்டாடாததால் அந்தப் பிழை யாருக்கும் தட்டுப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எழுதினார்கள். அதைப் பார்த்து நான் அட்டை செய்தேன்.

"மே மாசத்திலேருந்து தெரியுமா?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கழுத்து வலியோட குந்திச் செய்றீங்க. எப்பிடிச் சொல்றது." கதிரையை இழுத்து என் எதிரே உட்கார்ந்தாள். "அம்மா அனுப்பியிருந்தா இருபத்தெட்டாந் திகதிக்குத்தானே வரணும். அஞ்சு தடவையும் பதிமூணுக்கே வந்துச்சு. அப்பதான் யோசிச்சேன்."

"மது..."

"அம்மா போன் எடுத்த காலத்துல, வருஷத்துல ஒரு நாளு மட்டும் ஞாயித்துக்கெழமை இல்லாம எடுப்பாங்க. ஸ்கூல் விட்டு வந்தவொடனே. நீங்க அப்ப எங்களோட இல்ல. இன்னைக்கு என்ன நாளு தெரியுமானு கேப்பாங்க. நான் வியாழக்கெழமைனு சொல்லுவேன். அவங்க சிரிப்பாங்க." அவளும் கொஞ்சம் சிரித்தாள். "ஓகஸ்ட்லதான் அத்தை அது. லீவு விட முன்னுக்கோ, லீவு முடிஞ்ச ஒடனேயோ. அம்மா மறக்கல. அவங்களுக்கு நாளு தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியல."

எனக்குக் கோபம் வந்தது. காய்ச்சலுக்கு நெற்றியில் துணி போட்டவள் நான். பெரியபிள்ளையானபோது வாசலில் நின்று தண்ணீர் வார்த்தவள் நான். ஆறு வருடம் இன்னொருத்தியின் எழுத்தில் இந்தப் பிள்ளையை 'என் மகள்' என்று எழுதியவளும் நான். எல்லாவற்றையும் செய்துவிட்டு, நாள் தெரியாதவள் என்ற பெயர் எனக்கு. அம்மா நல்லாத்தான் இருக்கிறாள், வேற ஆளோட வேற எடத்துல, என்று சொல்ல இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. மது மேசையில் கையை ஊன்றி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் என்னைக் குத்துகிற எண்ணம் கொஞ்சமும் இல்லை. தன் அம்மாவை என்னிடமிருந்தே காப்பாற்றி வைத்திருந்தாள், அவ்வளவுதான். நான் பயந்ததற்கு நேர்மாறாக நடந்திருந்தது. என் பொய் உடைந்ததால் அவளுடைய அம்மா இன்னும் பலமாக எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"போன மாசம் இருபத்தெட்டாந் திகதி ஸ்கூல் விட்டு லேட்டா வந்தேன்ல. கோயில்ல மெழுகுதிரி கொளுத்திட்டு வந்தேன்" என்றாள். பிறகு மேசையிலிருந்த வெற்று பிரிஸ்டல் போட் துண்டை எடுத்து இரண்டாக மடித்தாள். நகத்தால் மடிப்பை அழுத்தினாள். "நானும் ஒண்ணு செய்யணும் அத்தை. அம்மாவுக்கு."

"எங்க அனுப்புறது?"

"அனுப்ப வேணாம். செஞ்சு வைக்கணும். அம்மாவோட பொறந்தநாளு எப்ப?"

அண்ணி பத்து வருடத்துக்கு மேல் ஒரே குடும்பத்தில் இருந்தவள். தோட்டத்து லய வீட்டு அடுப்படியில் ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடித்திருக்கிறோம். அவளுக்கு எந்தக் காலில் ஆணி, எந்தப் பல்லில் வலி என்று எனக்குத் தெரியும். பிறந்த நாள் தெரியாது. கேட்டதே இல்லை. பாஸ்போர்ட்டில் ஜனவரி ஒன்று என்று இருந்தது ஞாபகம் வந்தது. அது ஏஜென்சிக்காரன் வயதைக் கூட்டி எழுதிக்கொண்ட திகதி, அண்ணியே சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்போடு விட்டுவிட்டேன். அப்ப சரியான நாள் எது என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மகளின் நாளை மறந்துவிட்டாள் என்று ஆறு வருடமாக மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான்.

"அப்பாகிட்ட கேப்போம்" என்றாள் மது.

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். நான்காவது அழைப்பில்தான் அண்ணன் எடுத்தான். பின்னால் ஆட்கள் கூவுகிற சத்தம், லொறியின் இரைச்சல்.

"என்ன தெரேசா, இந்த நேரத்துல?"

"அண்ணே, அண்ணியோட பொறந்தநாளு எப்ப?"

அவன் அங்கிருந்து நடந்து விலகுவது தெரிந்தது, சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிறகு, எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரலில், "ஏன், பேசுனாளா?" என்று கேட்டான்.

மது என்னைப் பார்த்தாள்.

"இல்லண்ணே. மது கேக்குறா."

"ஆ." மூச்சு விட்டான். "மதுவா."

"தெரியுமாப்பா?" என்றாள் மது.

"அது... கல்யாணப் பதிவுல எழுதுனாங்க. என்ன எழுதுனாங்கனு நான் பாக்கல மகள். ஐப்பசி மழையில பொறந்ததுன்னு அவங்க அம்மா சொல்லும். மண்ணு சரிஞ்சு பாதை மூடி, மருத்துவிச்சி வர முடியாம, லயத்துப் பொம்பளைங்களே பாத்துக்கிட்டாங்களாம். அதான் தெரியும்." கடைசியாக, "நாளு தெரியாது" என்றான்.

நான் போனை வைப்பதற்குக் கையை நீட்டினேன். அவன் வைக்கவில்லை. மது கட்டிலுக்குக் கீழே குனிந்து, உருண்டுபோன சீல் கட்டையை எடுத்து ஊதித் தூசு தட்டினாள். பார்த்துவிட்டு வேண்டாம் என்பதுபோலத் தள்ளி வைத்தாள். பிரஷ்ஷைச் சுத்தமான தண்ணீரில் கழுவி, நீலத்தையும் கொஞ்சம் கறுப்பையும் வர்ணப் பெட்டி மூடியில் குழைத்து, மடித்த அட்டையின் மேல் ஓரத்திலிருந்து கீழே இழுத்தாள். பிறகு இன்னொரு கோடு. பிறகு இன்னொன்று. தண்ணீர் கூடியிருந்தது, நிறம் தன் பாட்டில் இறங்கியது. நான் துணியை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

"என்ன செய்றா?" என்று போனுக்குள்ளிருந்து அண்ணன் கேட்டான்.

"அம்மாவுக்குக் கார்ட் வரையுறா" என்றேன்.

"என்ன பூ?"

மது பிரஷ்ஷை எடுக்காமல், "இன்னும் பூ வரலப்பா. மழைதான் வருது" என்றாள்.

"சரி, வரை" என்றான். போனை அவனும் வைக்கவில்லை, நாங்களும் வைக்கவில்லை. தம்புள்ளையில் யாரோ லொறியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினார்கள். ஈர அட்டையின் பக்கத்தில், போனின் திரையில், அழைப்பின் நொடிகள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டிருந்தன.